ட்ரோன் இருக்கும்போது உக்ரைன் ஏன் இன்னும் பீரங்கிக் குண்டு கேட்கிறது?

"உக்ரைன் போர் வீடியோக்களில் எல்லாம் ட்ரோன்தான் டாங்கியை எரிக்கிறது, ட்ரோன்தான் ஆளைத் துரத்துகிறது. நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளால் பல கோடி ரூபாய் டாங்கி போய்விடுகிறது என்றால், உக்ரைன் ஏன் இன்னமும் ஐரோப்பாவிடம் பீரங்கிக் குண்டு கேட்டு நிற்கிறது?" என்று இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி குண்டைப் பற்றியதுதான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. மலிவான ஆயுதம் வந்துவிட்டதால் கனரக ஆயுதங்களின் காலம் முடிந்துவிட்டதா? முடியவில்லை என்றால், போனில் நாம் பார்க்கும் போருக்கும் அங்கே நடக்கும் போருக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 24 வருடம் தரைப்படையின் பீரங்கிப் பிரிவில் இருந்தேன். டெக்னிகல் அசிஸ்டென்ட், சுருக்கமாக டி.ஏ. என்பார்கள். கமாண்ட் போஸ்டில் உட்கார்ந்து, கன் எந்தத் திசை பார்த்து, எவ்வளவு தூக்கி நிற்க வேண்டும், குண்டைத் தள்ளும் மருந்து எத்தனை சார்ஜ் போட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. பீரங்கியை நாங்கள் கன் என்றுதான் சொல்வோம். நான் அதிக காலம் பழகியது 130 மி.மீ. எம்-46. சோவியத் காலத்துக் கன், குண்டு 33 கிலோ, 27 கிலோமீட்டர் போகும். குரோஷியா கொடுத்த வகையில் அதே கன் இன்று உக்ரைன் கையிலும் இருக்கிறது. எஃப்.பி.வி. ட்ரோனை, அதாவது அதன் கேமராப் படத்தைப் பார்த்தபடியே ஓட்டிப் போய் இலக்கில் மோதவிடும் சின்ன ட்ரோனை, நான் ஓட்டியதில்லை. விமானப்படை, கடற்படை விஷயங்கள் என் துறை இல்லை. ஆகவே கன், குண்டு, இலக்கைப் பார்ப்பது, இந்த மூன்றையும் அனுபவத்தில் சொல்கிறேன். மற்றவை நான்கு வருடமாக விடாமல் படித்தும் பழைய சகாக்களோடு பேசியும் தெரிந்துகொண்டவை.

பழைய முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மாறியது எது என்று புரியும். கன்னை இயக்குபவர் எதிரியைப் பார்ப்பதே இல்லை. அவருக்கு முன்னால் மலையோ தோப்போ இருக்கும், எதிரி பதினைந்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பான். பார்ப்பவர் வேறு ஆள். காலாட்படையோடு முன்னால் போய், ஒரு மேட்டில் பதுங்கி, பைனாகுலரில் பார்த்து ரேடியோவில் சொல்லும் ஓர் ஆபீசரும் அவரோடு இருக்கும் இரண்டு மூன்று பேரும்தான் எங்களுக்குக் கண். ஓ.பி. என்போம். 1999-ல் கார்கிலில் நான் ஓ.பி. பார்ட்டியோடு இருந்த நாட்களில் ஒன்று இன்னும் அப்படியே நினைவில் நிற்கிறது. எதிர் முகட்டில் கல்லை அடுக்கிக் கட்டிய ஒரு பங்கர். காலை ஆறு மணிக்குக் கண்ணில் பட்டது, ஆறேகாலுக்கு மேகம் மூடிவிட்டது. பத்து மணி வரை காத்திருந்தோம். மேகம் விலகியதும் முதல் குண்டு கேட்டோம். அது முகட்டைத் தாண்டி விழுந்தது, புகை மட்டும் மெல்ல எழும்பித் தெரிந்தது. அந்த உயரத்தில் காற்று மெல்லிசு, அட்டவணையில் போட்டிருக்கும் தூரத்தைவிடக் குண்டு கூடுதலாகப் போகும். நானூறு மீட்டர் குறைக்கச் சொன்னோம், முன்னால் விழுந்தது. இருநூறு கூட்டு, நூறு குறை என்று பாதி பாதியாக நெருக்கி, ஏழாவது குண்டில்தான் பங்கரின் ஓரக்கல் சிதறியது. அப்புறம்தான் பேட்டரி முழுக்க, அதாவது எங்கள் கன்கள் எல்லாம் சேர்ந்து, சுட உத்தரவு. அந்த நாலு மணி நேரமும் கீழே சரிவில் காலாட்படைப் பையன்கள் பாறைக்குப் பின்னால் ஒண்டிக் கிடந்தார்கள்.

அந்த நாலு மணி நேரத்தையும் ஏழு குண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் மேலே பறக்கவிட்டுப் படம் பிடிக்கிறார்களே, அந்த மாவிக் ட்ரோன்தான் உக்ரைனில் இரண்டு பக்கத்துக்கும் ஓ.பி. கீழிருந்து பார்ப்பவருக்குப் பெரிய சிக்கல் தூரம். இடது வலது தவறினால் உடனே தெரியும், முன்னே பின்னே எத்தனை மீட்டர் தவறியது என்று சொல்வதுதான் கஷ்டம். நேர் மேலே இருந்து பார்ப்பவருக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. குண்டு விழுந்த குழியும் இலக்கும் ஒரே படத்தில் தெரிகின்றன. உக்ரைன் கன்னர்கள் 'க்ரோபிவா' என்ற செயலியை டேப்லெட்டில் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் புள்ளியைத் தொட்டால் கன்னுக்கு வேண்டிய கணக்கு வந்துவிடுகிறது. நான் வருடக்கணக்கில் பென்சிலும் அட்டவணையும் வைத்துப் பழகிய வேலை அது. இரண்டு மூன்று குண்டில் இலக்கைப் பிடித்துவிடுகிறார்கள். போரின் முதல் ஒன்றரை வருடம் ட்ரோனின் முக்கிய வேலை இதுதான், கன்னுக்குக் கண்ணாக இருப்பது. ட்ரோன் வந்ததால் கன் பலவீனமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இந்தக் கட்டத்தை மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் ட்ரோன் கன்னின் வலிமையைப் பல மடங்கு ஆக்கியது.

எவ்வளவு சுட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 கோடையில் கிழக்கு உக்ரைனின் டான்பாஸில் ரஷ்யா நாளொன்றுக்கு இருபதாயிரம் குண்டு வரை சுட்டதாக மேற்கத்திய மதிப்பீடு. உக்ரைன் தரப்பு அறுபதாயிரம் வரை சொன்னது. சரி, சின்ன எண்ணையே எடுத்துக்கொள்வோம். கார்கில் போர் முழுவதற்கும் நம் படை சுட்டது சுமார் இரண்டரை லட்சம். ரஷ்யா அதைப் பதின்மூன்று நாளில் சுட்டுவிடும். எங்கள் ஆட்களுக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். ஒவ்வொரு குண்டையும் ஒருவர் தூக்கி, ஒருவர் ஃப்யூஸ் மாட்டி, ஒருவர் உள்ளே தள்ளி, ராத்திரியெல்லாம் லாரியிலிருந்து இறக்கி வைத்த முதுகுகள் எங்களுக்குத் தெரியும்.

இனி வீடியோ விஷயம். இந்தப் போரைப் புரிந்துகொள்ள நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எஃப்.பி.வி. ட்ரோன் தன் கேமராவைத் தானே சுமந்துகொண்டு போகிறது என்பது. ஒவ்வொரு தாக்குதலும் தன்னைத் தானே படம் பிடிக்கிறது. பீரங்கிக் குண்டுக்குக் கேமரா இல்லை. ராத்திரி மரவரிசைக்குள் விழுந்த முப்பது குண்டுகளால் எத்தனை பேர் செத்தார்கள் என்பது யாருடைய போனுக்கும் வராது. இன்னொன்று, இலக்கைத் தவறவிட்ட ட்ரோனின் வீடியோவை யாரும் வெளியிடுவதில்லை. சிக்னல் போய்ப் பாதியில் விழுந்தது, கிளையில் மாட்டியது, வெடிக்காமல் போனது, இவையெல்லாம் நமக்குத் தெரிவதே இல்லை. படையணிகள் நிதி திரட்டுவதும் இந்த வீடியோக்களை வைத்துத்தான், அதனால் நல்ல படத்துக்கு ஒரு தேவையும் இருக்கிறது. நாம் பார்ப்பது பொய் இல்லை. ஆனால் வெற்றி பெற்றவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து நம் முன்னால் வைத்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் ரூசி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அவர்களுடைய ஆட்கள் போர்முனைப் பக்கம் போய்ப் பேசிவிட்டு எழுதுகிறவர்கள். 2025 பிப்ரவரி அறிக்கையில் அவர்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள். சேதமாகிற, அழிகிற ரஷ்யத் தளவாடங்களில் நூற்றுக்கு அறுபது எழுபது ட்ரோனால் போகிறது என்பது ஒன்று. உக்ரைன் அனுப்பும் எஃப்.பி.வி.க்களில் நூற்றுக்கு அறுபது முதல் எண்பது வரை இலக்கைப் போய்ச் சேருவதே இல்லை என்பது இன்னொன்று. நம் ஊடகங்களில் முதல் வரி மட்டும்தான் வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை நிலவரம் கிடைக்கும். எஃப்.பி.வி. ஒன்று நானூறு ஐந்நூறு டாலர், நம் பணத்தில் நாற்பதாயிரம் என்று நீங்கள் சொன்னது சரிதான். பத்து அனுப்பினால் இரண்டிலிருந்து நான்கு சேரும். சேர்ந்ததும் ஒரே அடியில் டாங்கி எரிந்துவிடாது. அது சுமப்பது பெரும்பாலும் ஆர்.பி.ஜி. ராக்கெட்டின் தலைப்பகுதி, இரண்டு மூன்று கிலோ. உள்ளே இருக்கும் செப்புக் கூம்பு வெடியின் அழுத்தத்தில் ஊசி போலப் பீய்ச்சிக்கொண்டு போய் இரும்பைத் துளைக்கும், ஆனால் துளைத்த இடத்தில் எஞ்சினோ குண்டோ ஆளோ இருக்க வேண்டும். முதல் ட்ரோன் செயினை அறுத்து வண்டியை நிறுத்தும், அடுத்தது எஞ்சின் மேல், அதற்கடுத்தது திறந்து கிடக்கும் மூடி வழியாக, இப்படி, வழியில் வீணானவற்றையும் சேர்த்தால் ஐந்து, பத்து, சில நேரம் அதற்கு மேலும் தேவைப்படுகிறது. ஆக ஒரு டாங்கியை அழிக்க ஆகும் செலவு நாற்பதாயிரம் ரூபாய் இல்லை, நான்கைந்து லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதும் பல கோடிக்கு எதிராக அது மலிவுதான். உங்கள் கணக்கின் திசை சரி, அளவுதான் தவறு.

டாங்கி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ரஷ்ய டாங்கியின் தலைப்பகுதி, டரெட் என்போமே, அது பிய்த்துக்கொண்டு வானத்தில் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரஷ்ய டி-72 டாங்கிக்குள் மூன்று பேர்தான். குண்டு நிரப்பும் நான்காவது ஆளின் வேலையை ஒரு இயந்திரம் செய்கிறது. 22 குண்டும் அதற்கான மருந்தும் டரெட்டுக்கு நேர் கீழே ராட்டினம் போல வட்டமாக அடுக்கியிருக்கும். ஆள் ஒருவர் குறைந்ததால் டாங்கி சிறியதாகவும் தாழ்வாகவும் அமைந்தது, அது நல்ல விஷயம். ஆனால் அந்த ராட்டினத்தில் தீப்பற்றினால் உள்ளே இருப்பவர்களுக்கு நேரமே கிடைக்காது. நம் ஆவடியில் தயாரான டி-72 அஜேயாவும் டி-90 பீஷ்மாவும் இதே குடும்பம், இதே ராட்டினம். அதனால் இதை வேடிக்கைப் படமாகப் பார்க்க என்னால் முடியவில்லை. மேற்கத்திய லெப்பர்ட், ஆப்ராம்ஸ் டாங்கிகளும் அங்கே எரிந்திருக்கின்றன. 2023 ஜூனில் தெற்கு உக்ரைனின் ஸப்போரீஷியா பக்கம் கண்ணிவெடி வயலில் லெப்பர்ட்களும் பிராட்லி கவச வண்டிகளும் வரிசையாக நின்றுபோனது எல்லோருக்கும் தெரியும். வண்டி போனாலும் உள்ளே இருந்தவர்கள் பலர் இறங்கித் தப்பினார்கள் என்பதுதான் அங்கே வித்தியாசம். அமெரிக்கா கொடுத்த 31 ஆப்ராம்ஸில் எஞ்சியவற்றை 2024 ஏப்ரலில் முன்வரிசையிலிருந்து பின்னால் எடுத்தார்கள், காரணம் ட்ரோன்தான். இன்று டாங்கி கூட்டமாகப் பாய்வது அநேகமாக நின்றுவிட்டது. மறைவிடத்தில் நின்று, பீரங்கி போலச் சுட்டுவிட்டு, இருட்டில் இடம் மாறுகிறது. ரஷ்யர்கள் தகரமும் கம்பியும் வலையும் போர்த்தி ஆமை ஓடு போல ஆக்கி ஓட்டுகிறார்கள். டாங்கியின் காலம் முடிந்ததா என்று கேட்டால், பகலில் வெட்டவெளியில் அணிவகுக்கும் காலம் முடிந்தது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

உக்ரைன் ஏன் குண்டு கேட்கிறது என்பதற்கு நேரான பதில் ரேடியோவில் இருக்கிறது. ட்ரோனுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே ரேடியோ அலை போய் வருகிறது, அதைக் குலைக்கலாம். ஜீப்பின் மேல், டாங்கியின் மேல், ஏன், ஆளின் முதுகுப் பையிலேயே ஜாமர் இருக்கிறது. ஒரு அலைவரிசையை அடைத்தால் இவர்கள் வேறு அலைவரிசைக்கு மாறுவார்கள், அதையும் கண்டுபிடித்து அடைப்பார்கள், சில வாரங்களுக்கு ஒரு முறை இந்த ஓட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஜி.பி.எஸ். நம்பிப் போகும் ஆயுதங்களுக்கும் இதே கதி. எக்ஸ்காலிபர் என்ற அமெரிக்க 155 மி.மீ. குண்டு ஜி.பி.எஸ். பார்த்து இலக்குக்குச் சில மீட்டர் அருகிலேயே விழும். 2022-ல் அற்புதமாக வேலை செய்தது, ரஷ்ய ஜாமர்கள் பெருகியதும் அதன் துல்லியம் சரிந்துபோனது. ஆனால் சாதாரணக் குண்டு குழலை விட்டுக் கிளம்பிய பிறகு அதோடு யாரும் பேசுவதில்லை, அதுவும் யாரையும் கேட்பதில்லை. அதை ஜாம் செய்ய முடியாது. மழையிலும் மூடுபனியிலும் ராத்திரியிலும் ஒரே மாதிரி போகும். எஃப்.பி.வி. அப்படி இல்லை. குளிரில் பேட்டரி இறங்கும், பனிமூட்டத்தில் கேமரா குருடாகும், காற்று அடித்தால் தள்ளாடும். 2025 நவம்பரில் கிழக்கு உக்ரைனின் போக்ரோவ்ஸ்க் நகருக்குள் ரஷ்யர்கள் மோட்டார் சைக்கிளிலும் ஓட்டை உடைசல் கார்களிலும் மூடுபனி மறைவில் நுழைந்த காட்சி வெளிவந்தது. அவர்கள் காத்திருந்தது அந்தப் பனிக்குத்தான்.

ஜாமருக்கு வந்த மறுமொழியை நீங்கள் இன்ஜினியரிங் படிப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரேடியோவே வேண்டாம், கம்பியில் ஓட்டுவோம் என்று 2024-ல் ரஷ்யர்கள் கண்ணாடி இழை ட்ரோனைக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வரும் இன்டர்நெட் ஃபைபர்தான். பத்து, இருபது கிலோமீட்டர் இழையை ஒரு உருளையில் சுற்றி ட்ரோனின் வயிற்றில் கட்டிவிடுவார்கள். பறக்கப் பறக்கத் தூண்டில் நரம்பு போல அவிழ்ந்துகொண்டே போகும். ஜாமர் ஒன்றும் செய்ய முடியாது. படமும் தரைக்குப் பக்கத்தில் தாழப் பறக்கும்போது விட்டுப்போகாது. சாலையோரம் புல்லில் இறங்கி உட்கார்ந்து, வண்டி வரும் வரை காத்திருந்தும் அடிக்க முடிகிறது. ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதிக்குள் 2024 ஆகஸ்டில் புகுந்த உக்ரைன் படை அடுத்த மார்ச்சில் வெளியேற நேர்ந்ததற்கு, உக்ரைனின் சூமியிலிருந்து அங்கே சூட்ஜா ஊருக்குப் போகும் ஒரே முக்கியச் சாலையை இந்த ட்ரோன்கள் அறுத்துவிட்டது பெரிய காரணம். முன்வரிசை வயல்களில் இன்று காலை வெயில் சாய்வாக விழும்போது நிலமெல்லாம் சிலந்தி வலை படர்ந்தது போல இந்த இழைகள் மின்னுகின்றன. மரத்திலும் முள்கம்பியிலும் செத்த வண்டியிலும் சுற்றிக் கிடக்கின்றன. இதற்கு மறுமொழி என்ன தெரியுமா, மீன் வலை. ஐரோப்பிய மீனவர்கள் கழித்துப்போட்ட வலைகளை வாங்கி, சாலையின் இருபுறமும் கம்பம் நட்டு, மேலேயும் மூடி, கிலோமீட்டர் கணக்கில் கூண்டு கட்டியிருக்கிறார்கள். ட்ரோனின் விசிறி வலையில் சிக்கித் தொங்கும். நம் மீனவர் வீடுகளில் கிடக்கும் அதே பழைய வலை, போரின் நடுவில் லாரியையும் ஆம்புலன்ஸையும் காப்பாற்றுகிறது.

மறுபடி குண்டுக்கு வருகிறேன். ஆறு கன் உள்ள ஒரு பேட்டரி ஒரே நிமிடத்தில் இருபது குண்டுக்கு மேல் ஒரே இடத்தில் போட முடியும். இருபது எஃப்.பி.வி.யை ஒரே நேரத்தில் ஒரே மரவரிசைக்கு அனுப்ப எத்தனை ஓட்டுபவர்கள், எத்தனை அலைவரிசை வேண்டும் என்று யோசியுங்கள். ஒரு ட்ரோன் குழுவில் ஓட்டுபவர், வழி பார்ப்பவர், வெடிமருந்து கட்டுபவர் என்று மூன்று நான்கு பேர், அவர்களால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓட்ட முடியும். காலாட்படை தாக்க வரும்போது உடனே வேண்டியது எதிரி தலையைத் தூக்காமல் இருப்பது. அதைக் கன் செய்கிற மாதிரி வேறு எதுவும் செய்யாது. கன் சுடுவதால் எதிரி பள்ளத்துக்குள் பதுங்குகிறான், ஜாமர்காரனும் பதுங்குகிறான், அப்போது ட்ரோன் சுலபமாக உள்ளே போகிறது. கண்ணிவெடி ஓடவிடாமல் நிறுத்தும், ட்ரோன் நின்றதை அடிக்கும், வண்டியை விட்டு இறங்கி ஓடுபவர்களைக் குண்டு பிடிக்கும். கொடுமையான வேலைதான், ஆனால் இப்படித்தான் நடக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவற்றின் பலமும் குறையும்.

குண்டு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்கு உக்ரைனில் அவ்தீவ்கா என்ற ஊர் சாட்சி. 2023-24 குளிர்காலத்தில் அமெரிக்க உதவி மசோதா அங்குள்ள பாராளுமன்றத்தில் மாதக்கணக்கில் முடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 மார்ச்சுக்குள் பத்து லட்சம் குண்டு தருவதாகச் சொல்லியிருந்தது, கெடு வந்தபோது ஏறத்தாழ பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. உக்ரைன் கன்னர்கள் எண்ணி எண்ணிச் சுட்டார்கள். எதிரி கூட்டமாக வருவது திரையில் தெளிவாகத் தெரிகிறது, சுடக் குண்டு இல்லை. ஓ.பி.யில் உட்கார்ந்திருந்த எனக்கு அதைவிடக் கொடிய நிலை எதுவும் கற்பனைக்கு வரவில்லை. கூடவே ரஷ்ய விமானங்கள் பழைய 500 கிலோ குண்டுகளுக்கு இறக்கை மாட்டி, தொலைவிலிருந்தே வீசின. 2024 பிப்ரவரி 17 அன்று உக்ரைன் அந்த ஊரைக் கைவிட்டது. எஃப்.பி.வி. ட்ரோன் இவ்வளவு வேகமாகப் பெருகியதே அந்தப் பஞ்சத்தில்தான். குண்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ட்ரோனைக் கீவில் ஒரு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து சீன உதிரிப் பாகங்களில் பூட்டிவிடலாம். ஆக, குண்டைவிடச் சிறந்தது என்பதால் ட்ரோன் அதன் இடத்துக்கு வரவில்லை. குண்டு இல்லாததால் வந்தது, வந்த பிறகு தன் இடத்தைத் தானே பெரிதாக்கிக்கொண்டது. உக்ரைன் அரசுக் கணக்குப்படி 2024-ல் இருபது லட்சத்துக்கு மேல் ட்ரோன் செய்தார்கள்.

குண்டை ஏன் சட்டென்று கூடுதலாகச் செய்ய முடியவில்லை என்றும் ஒருவர் கேட்டிருந்தார். போருக்கு முன் அமெரிக்கா மாதம் 14,000 குண்டு செய்துகொண்டிருந்தது. மாதம் ஒரு லட்சம் என்று இலக்கு வைத்து வருடக்கணக்கில் முயல்கிறார்கள். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அழுத்தி நீட்டி, கடைந்து, உள்ளே வெடிமருந்தை உருக்கி ஊற்றி, மெல்ல ஆறவிட வேண்டும். அவசரமாக ஆறினால் உள்ளே காற்றுக்குழி விழும், அந்தக் குண்டு குழலுக்குள்ளேயே வெடிக்கலாம். குண்டைத் தள்ளும் மருந்துக்கு மூலப்பொருள் பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு. ஐரோப்பா அதற்குப் பெரும்பாலும் சீனாவைத்தான் நம்பியிருந்தது. நம் நீலகிரி அருவங்காட்டில் நூறு வருடத்துக்கு மேலாக இந்த மருந்து செய்கிறோம், அங்கே வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், எவ்வளவு நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை என்று சொல்வார்கள். தட்டுப்பாட்டில் விலையும் ஏறியது. ஒரு 155 மி.மீ. குண்டு இரண்டாயிரம் யூரோவிலிருந்து எட்டாயிரத்துக்குப் போய்விட்டது என்று 2023-ல் நேட்டோ ராணுவக் குழுத் தலைவரே சொன்னார். ரஷ்யாவுக்கும் இதே கஷ்டம்தான், அவர்கள் வட கொரியாவிடம் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். குழலும் தேயும். சில ஆயிரம் குண்டுக்குப் பிறகு அதே கணக்குக்குக் குண்டு வேறு இடத்தில் விழும். ரஷ்யா சோவியத் காலக் கிடங்குகளில் நின்ற பழைய கன்களின் குழலைக் கழற்றி எடுப்பது செயற்கைக்கோள் படங்களில் தெரிகிறது. அந்தக் கிடங்குகள் காலியாகும் வேகத்தைப் பார்த்துத்தான் நான் இந்தப் போரை அளக்கிறேன், ட்ரோன் வீடியோக்களைப் பார்த்து அல்ல.

எண்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இரண்டு தரப்பும் அறிவிக்கும் சாவு எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள், தன் சாவைக் குறைத்தும் எதிரியுடையதைக் கூட்டியும் சொல்வது எல்லாப் போரிலும் உண்டு. புகைப்படம் உள்ளவற்றை மட்டும் எண்ணும் ஓரிக்ஸ் போன்ற தன்னார்வலர்களின் கணக்கு நம்பகமானது. ரஷ்யா இழந்த டாங்கிகள் அதில் மூவாயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டன, அது குறைந்தபட்ச எண். 2025 ஜூன் 1 அன்று லாரிகளின் கூரையிலிருந்து ட்ரோன் கிளப்பி ரஷ்ய விமானத் தளங்களை உக்ரைன் அடித்ததே, அதில் 41 விமானம் என்றது உக்ரைன். அடிபட்டவை இருபது வரை, முழுதாக அழிந்தவை பத்து அளவில் என்று அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள். தாக்குதல் நடந்தது, சைபீரியா வரை எட்டியது, குண்டுவீச்சு விமானங்கள் எரிந்தன, இவற்றில் சந்தேகமில்லை. எத்தனை என்பதில்தான் தகராறு.

நகரங்கள் மேல் வரும் ஷாஹெத் ட்ரோன் வேறு ரகம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரான் வடிவமைத்தது, இப்போது ரஷ்யாவே தன் தத்தர்ஸ்தான் பகுதியில் செய்கிறது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் ஐம்பது கிலோ அல்லது அதற்கும் கூடுதலான வெடிமருந்தோடு விழும். மொபெட் போலச் சத்தம் போட்டுக்கொண்டு வரும். 2025 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் எண்ணூறுக்கு மேல் ட்ரோனும், ஏமாற்ற அனுப்பும் போலி ட்ரோனும் வந்ததாக உக்ரைன் விமானப்படை சொன்னது. நாற்பது லட்சம் டாலர் பேட்ரியாட் ஏவுகணையால் இதைச் சுடக் கட்டுப்படியாகாது. அதனால் டிரக்கில் மெஷின்கன் வைத்தும், மலிவான இடைமறிப்பு ட்ரோன் விட்டும் அடிக்கிறார்கள். விலைக் கணக்கு முழுமையாகப் பொருந்துகிற இடம் இதுதான்.

கடைசியாக, எல்லாம் ட்ரோன் மயமாகிவிட்டதால் ஆள் குறைவாகத்தான் சாகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு. முன்வரிசைக்கு இருபுறமும் பதினைந்து இருபது கிலோமீட்டர் வரை பகலில் வண்டி போக முடியாது. அதனால் தண்ணீர், ரொட்டி, பேட்டரி, குண்டு எல்லாம் கடைசித் தூரம் ஆள் முதுகில்தான் போகிறது. சில இடங்களில் சின்னச் சக்கர ரோபோ இழுத்துப் போகிறது. காலில் அடிபட்டவருக்கு ரத்தம் நிற்க இறுக்குப் பட்டி போட்டுவிட்டு, ராத்திரியோ மூடுபனியோ வரும் வரை நிலவறையிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில். பட்டி இறுக்கிய கால் அவ்வளவு நேரம் தாங்காது. கார்கிலில் நாங்கள் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது குண்டுக்குப் பயந்தோம், ஆனால் இரண்டு குண்டுக்கு நடுவே ஓட ஒரு இடைவெளி கிடைத்தது. ஸ்ட்ரெச்சரைத் துரத்திக்கொண்டு எதுவும் வரவில்லை.

அந்தக் கடைசிப் பதினைந்து கிலோமீட்டரில் சுமை தூக்கவும் பள்ளம் தோண்டவும்தான் 'ஹெல்ப்பர் வேலை, நல்ல சம்பளம்' என்று சொல்லி நம் நாட்டுப் பையன்களை ரஷ்யாவுக்கு அனுப்பிய ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். சி.பி.ஐ. 2024-ல் வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கில் ரஷ்யப் படையில் சேர்ந்த இந்தியர்கள் 126 பேர், அவர்களில் 12 பேர் இறந்துவிட்டார்கள், 16 பேரைக் காணவில்லை. கேரளத்துப் பையன்களும் அதில் உண்டு. உங்கள் கல்லூரியிலோ ஊரிலோ யாரிடமாவது இப்படி வேலை பேசினால், ஒப்பந்தம் ரஷ்ய மொழியில் மட்டும் இருந்தால், கையெழுத்துப் போட விடாதீர்கள். ஏற்கெனவே போனவர் இருந்தால் பாஸ்போர்ட் நகலோடு மாஸ்கோவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு இன்றைக்கே எழுதச் சொல்லுங்கள்.